பெண்கள் பக்கம்

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் கடை இருக்கிறது. அன்று மத்தியானம் ப்ளவுஸ் வாங்குவதற்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஹுக் வைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி, உட்காருங்க என்றார்கள். உட்கார்ந்து போனை எடுத்து, எல்லாரும் செய்வதுபோல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டே போனேன். யாரோ பழனிக்குப் போயிருந்தார்கள். ஒரு ஜவுளிக்கடையில் தள்ளுபடி. அதற்கடுத்து, நான் வழக்கமாக ஆல்பம் அச்சடிக்கக் கொடுக்கும் தில்லைநகர் லேபின் ஸ்டேட்டஸ். முதலில் ஒரு வளைகாப்பு, பிறகு ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். மூன்றாவதாக வந்தது நான் வடிவமைத்த பக்கம்.

ஒரு மணப்பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். முக்காடு நழுவித் தோளில் கிடக்கிறது. கூந்தல் முழுக்க மல்லிகை. கீழே லேபின் பெயரும் போன் நம்பரும், உங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் இப்படி அழகாக்கித் தருகிறோம் என்ற வரியும்.

அந்தப் படத்தை வெளி ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

ஸ்டேட்டஸ் நகர்ந்துபோய் வேறு யாருடையதோ வந்துவிட்டது. நான் திரும்பப் போய் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான் பார்ப்பது அதுதானா என்று எனக்கே சந்தேகம். அதுதான். பின்னணியில் தங்க நிறத்தில் மங்கலாக ஒரு ஜன்னல் பின்னல் வேலைப்பாடு தெரிந்தது. அதை ஒரு காலை முழுக்க உட்கார்ந்து நானே வரைந்து சேர்த்திருந்தேன். டெய்லர் ப்ளவுஸை நீட்டியபோது அதை வாங்காமலே வண்டியை எடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போட்டோகிராபர்கள் ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுவார்கள். அதிலிருந்து பொறுக்கியெடுத்து, எந்தப் படம் எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக, யார் பக்கத்தில் யார் என்று கம்ப்யூட்டரில் அடுக்கித் தருவது என் வேலை. அடுக்கி முடித்ததை லேபில் அச்சடித்து அட்டை போட்டுக் கொடுப்பார்கள். அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய எங்கள் ஃப்ளாட்டில், சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதிதான் என் ஆபீஸ். என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். அவர் கிளம்பிப் போனதும் மேஜையின் மறுபாதியும் எனக்கு வந்துவிடும்.

பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் என்னைத் தேடி வந்தது நான் பெண் என்பதற்காகத்தான். முதலில் வந்தது மணப்பெண்ணின் அக்கா. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் குவைத்தில். அத்தா காலமாகிவிட்டார், அம்மாவுக்கு இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் பிடிபடாது, அதனால் தங்கை கல்யாணத்தில் மண்டபத்திலிருந்து ஆல்பம் வரை எல்லாமே இவர் பொறுப்பு. அவர்கள் வீட்டில் ஆண்கள் பக்கத்துக்கு ஒரு ஆல்பம், பெண்கள் பக்கத்துக்கு ஒரு ஆல்பம். ஆண்கள் பக்கத்தை அவர்கள் தெருக்கார போட்டோகிராபரே எடுத்து அவரே முடித்துவிட்டார். பெண்கள் பக்கத்தை எடுக்க கரூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அந்தப் படங்களை அடுக்க ஒரு பெண் வேண்டும்.

முதல் நாளே எல்லாவற்றையும் பேசி முடித்துக்கொண்டார். படங்கள் இருக்கும் கார்டை அவரே கொண்டுவருவார். நான் வேலை செய்யும்போது முடிந்தவரை பக்கத்தில் இருப்பார். என் வீட்டு ஆண்கள்கூட அந்தத் திரையைப் பார்க்கக் கூடாது. லேபில் அச்சடிப்பது ஆண்கள்தான் என்பதை நான் மறைக்காமல் சொன்னேன்.

"டாக்டர் பார்க்கிற மாதிரின்னு நெனச்சுக்கறோம்க்கா. வேலைக்காகப் பார்க்கறது வேற. ஆனா அங்கேர்ந்து ஒண்ணுகூட வெளில போகக்கூடாது. அதுக்கு நீங்க பொறுப்பு" என்றார்.

சரி என்று சொன்னேன். லேப்காரரிடமும் இதை விளக்கிச் சொன்னேன். அவரும் சரி மேடம் என்றார்.

அந்த ஆல்பத்தில் வேலை செய்தது எனக்குப் புதிதாக இருந்தது. எங்களிடம் தயாராக இருக்கும் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஜோடிகளுக்கென்று செய்தவை. இரண்டு பேர் நிற்க ஒரு பெரிய இடம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன சதுரங்கள், மேலே இங்கிலீஷில் காதல் வரி. இங்கே மாப்பிள்ளையே கிடையாது. அந்தப் பெரிய இடத்தில் யாரை வைப்பது? முதல் இரண்டு நாள் டெம்ப்ளேட்டை வளைத்து வளைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் யாரோ எழுந்து போனதுபோல ஒரு ஓட்டை தெரிந்தது. கடைசியில் அவற்றை மூடிவைத்துவிட்டு வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மருதாணி வைக்கும்போது ஒரே பாயில் இருந்த பெண்களை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நீளமாகப் போட்டேன். போட்டோவே பிடிக்காத ஒரு பெரியம்மா இருந்தார். அவரை விட்டுவிட்டால் வருத்தப்படுவார், போட்டால் கோபப்படுவார் என்று அக்காக்காரி சொன்னதால், பெண்ணுக்கு வளையல் போட்டுவிடும் அவருடைய கைகளை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பக்கம் முழுக்க வைத்தேன். அக்காக்காரி அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்தச் சிரிக்கும் படத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. நிக்காஹ் முடிந்துவிட்டது என்று கீழேயிருந்து செய்தி வந்ததும் மாமா மகள் ஒருத்தி காதில் ஏதோ சொல்லியிருக்கிறாள். அப்போது எடுத்தது. பெரிதாகப் போட்டால் முகம் நடு மடிப்பில் மாட்டும், அப்படி மாட்டினால் மூக்கும் வாயும் புத்தகத்துக்குள் போய்விடும். சின்னதாகப் போட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். படத்தை வலதுபக்கம் நகர்த்தி நகர்த்தி, மடிப்பு சரியாக மல்லிகைச் சரத்தின் மேல் விழும்படி வைத்தேன். முகம் முழுசாக ஒரு பக்கத்தில் நின்றது, பூ மட்டும் மடிப்பைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனது. வேறு படம் எதுவும் அந்தப் பக்கங்களில் வைக்கவில்லை.

"வீட்டுக்குள்ள இவ இப்படித்தான் சிரிப்பா. எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றார் அக்காக்காரி.

முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன் கலர் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக இரண்டு பக்கங்களை மட்டும் லேபுக்கு அனுப்பினேன். ஒன்றில் வெறும் வளையல் தட்டு. இன்னொன்று இந்தச் சிரிப்பு. சிவப்பும் முகத்தின் நிறமும் அதில்தான் அதிகம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதுதான் இப்போது ஸ்டேட்டஸில்.

மாம்பழச்சாலை சிக்னலில் நின்றபோது லேபுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஓரமாக ஒதுங்கித் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. இதோ இந்த நிமிஷம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த நிமிஷம் இன்னொருவர் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் பைக்கில் இருந்த ஆள் சும்மா நின்ற நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தேன். கிரிக்கெட்.

லேபில் கூட்டமாக இருந்தது. முதலாளி ஒரு குடும்பத்துக்கு அட்டை மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மேடம், உங்க பக்கத்தைப் பார்த்துட்டு காலையிலேர்ந்து விசாரிக்கறாங்க" என்றார்.

ஸ்டேட்டஸை உடனே எடுக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இது பெண்கள் பக்கத்துப் படம், வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருந்தேனே என்றேன். அவர் அந்தக் குடும்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, பெயரும் போடவில்லை, அழகான வேலையை நாலு பேர் பார்த்தால் உங்களுக்கும்தானே நல்லது என்றார். கெட்ட மனுஷர் இல்லை. என் வேலையில் அவருக்குப் பெருமைதான். அவரிடம் பேசுவது அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், முதல்ல எடுங்க. அப்புறம் பேசலாம்."

எடுத்தார். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லியிருந்தேன், அழிப்பதற்கு முன் காட்டினார். நீளமாகப் போனது. பெரும்பாலும் போட்டோகிராபர்கள், மண்டபத்துக்காரர்கள், டெக்கரேஷன் ஆட்கள். அதில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்த பெயர். ஆண்கள் பக்கம் எடுத்த அதே தெருக்கார போட்டோகிராபர். மாப்பிள்ளையின் அண்ணனுக்கு அவர் பள்ளித்தோழர் என்று அக்காக்காரி சொல்லியிருந்தார்.

வேறு எங்கேயாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். போட்டோகிராபர்கள் குரூப்பில் போட்டிருந்தார். அதையும் அழித்தார். யாராவது இறக்கி வைத்திருப்பார்களே, எல்லாரும் அழித்துவிடும்படி அதே குரூப்பில் எழுதுங்கள் என்றேன். இங்கேதான் அவர் முகம் மாறியது. அந்தக் குரூப்பில் எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர்கள். தப்பு செய்துவிட்டேன் என்று அவர்கள் முன்னால் எழுதுவதா? பெரிது பண்ணாதீங்க மேடம், எழுதினால்தான் ஏன் என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அட்டை பார்க்க வந்த குடும்பம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் அவர் போனை எடுத்து, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் ஒரு படம் போடப்பட்டுவிட்டது, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதி என் முன்னால் அனுப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவங்க யாரும் இதைப் பார்க்கல மேடம். நீங்க சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அதைத்தான் வெளியே வந்ததும் என் கணவரும் போனில் சொன்னார். எடுத்தாகிவிட்டது, இனிமேல் போய்ச் சொல்லி ஒரு புதுக் கல்யாண வீட்டில் ஏன் கலவரத்தை உண்டாக்க வேண்டும் என்றார். நான் வண்டியில் சாய்ந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேசப் பேச எனக்கு அந்தப் போட்டோகிராபரின் பெயர்தான் கண்ணில் நின்றது. அவர் மாப்பிள்ளையின் அண்ணனிடம் வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போது அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் மாமியார் வீட்டில் நடுக்கூடத்தில் நிற்பாள். என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் பதில்கூடச் சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டுப் பெரிய கடைவீதிக்கு வண்டியைத் திருப்பினேன்.

வாசல் அறையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே குரல் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். அக்காக்காரி திரையை விலக்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். ஆல்பம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். தங்கையும் அம்மா வீட்டுக்கு வந்திருப்பதாகவும் நல்ல நேரத்தில் வந்தேன் என்றும் சொன்னார். டீ போடச் சொல்லி உள்ளே திரும்பியவரை நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மாடியில் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்தப் படம், எங்கே போடப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே கேட்டார். நான் முடித்த பிறகும் நிமிரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்க தெருக்காரர் பார்த்திருக்காரா?"

"பேர் இருந்துச்சும்மா."

அவர் எழுந்து போனை எடுத்தார். அந்தப் போட்டோகிராபருக்குப் பேசவில்லை, அவர் மனைவிக்குப் பேசினார். இருவரும் ஒன்றாகத் தையல் வகுப்புக்குப் போனவர்கள். நலம் விசாரித்தார், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். பிறகு அதே குரலில், உன் வீட்டுக்காரர் போனில் என் தங்கை படம் ஒன்று தவறுதலாக வந்திருக்கும், அவர் கையில் கொடுக்காமல் நீயே பார்த்து அழித்துவிட்டுச் சொல்கிறாயா என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கீழே தெருவில் ஒருவன் பழைய இரும்பு, பேப்பர் என்று கூவிக்கொண்டு போனான். போன் மறுபடி ஒலித்தது. குரூப்பிலிருந்து இறங்கியிருந்ததை அழித்துவிட்டாளாம். யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லையாம். வீட்டுக்காரர் கேட்டால் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாளாம்.

அப்போது கதவருகில் அசைவு தெரிந்தது. தங்கை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எந்த போட்டோக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

லேப்டாப் என் பையிலேயே இருந்தது. திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை, ஆல்பம் முடிந்த பிறகு மொத்தமாகக் காட்டலாம் என்று அக்காக்காரி சொல்லியிருந்தார். அவள் முகம் மலர்வதை ஒரு கணம் பார்த்தேன். உடனே அது மூடிக்கொண்டது.

"இதையா ஊரே பார்த்துச்சு? எடுத்துடுங்க. ஆல்பத்துல வேணாம்."

அக்காக்காரி விடவில்லை. லேப்காரன் செய்த தப்புக்கு உன் போட்டோவை நீ ஏன் இழக்க வேண்டும் என்றார். தங்கை, உனக்கென்ன, இதற்குப் பதில் சொல்ல வேண்டியது உன் மாமியார் வீட்டில் இல்லையே என்றாள். அக்காக்காரிக்குச் சுருக்கென்றது போலிருந்தது. இருவரும் தணிந்த குரலில், கீழே அம்மாவுக்குக் கேட்காமல், ஒருவரையொருவர் வெட்டி வெட்டிப் பேசினார்கள். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. நான் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். மூடவும் முடியவில்லை, திறந்து வைத்திருக்கவும் முடியவில்லை.

திடீரென்று தங்கை பேச்சை நிறுத்தினாள்.

"அவர்கிட்ட நான் சொல்லிடறேன். வேற யாராச்சும் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது."

மாப்பிள்ளை சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தார். வாரக் கடைசியில்தான் வருவார். அவள் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அக்காக்காரி எழுந்து போய் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார். பிறகு ஒட்டுக்கேட்பதுபோல இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து உட்கார்ந்தார். உதடுகள் மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த ஸ்லோகம்கூட அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் அவள் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மாப்பிள்ளை பேசுகிறாரா, இல்லை போனை வைத்துவிட்டாரா என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. அவருக்குக் கோபம் என்றாள். அவள் மேல் இல்லையாம், ஆனாலும் கோபம். ஆல்பமே வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல் என்றாராம். பிறகு கொஞ்சம் ஆறி, நான் வருகிற வரைக்கும் எதையும் செய்ய வேண்டாம் என்றாராம்.

அந்த வாரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கே.கே. நகர்க்காரர் ஒருவருடைய மகன் பிறந்தநாள் ஆல்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரே பலூன் படத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தால் எழுந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காக்காரியிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை என் வீட்டுக்கு வருகிறாராம், தங்கையும் வருகிறாள், தானும் வருகிறேன் என்றார். நான் மேஜையைத் துடைத்தேன். என் கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே போய்வரச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தனியாகச் சமாளிப்பியா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

மாப்பிள்ளை ஒல்லியாக, கண்ணாடி போட்ட இளைஞர். நான் உட்காரச் சொன்னபோது நின்றுகொண்டே இருந்தார். அவர் பார்க்கக் கூடாத பெண்கள் அந்த ஆல்பத்தில் இருந்தார்கள் என்பதை நானும் அவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம் போல. நான் சொல்வதற்கு முன்பே அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மற்ற எல்லாவற்றையும் மூடி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரையில் விரித்துவிட்டு, இப்போது பார்க்கலாம் என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தங்கை அவரைப் பார்க்கவில்லை, என் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காக்காரி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார். அவள் தலையசைத்தாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் புரியாத விதமாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"எங்க அண்ணன்கிட்ட நானே பேசிட்டேன். அவர் காதுக்கு எதுவும் வரல. இது இருக்கட்டும். ஆனா அந்த லேப்புக்கு இனி எதுவும் போகக்கூடாது."

பிறகுதான் உட்கார்ந்தார். காபி கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தார். பாலத்து டிராபிக்கைப் பற்றிப் பேசினார்.

வேறு லேப் தேட வேண்டியிருந்தது. நான் விசாரித்த இடங்களில் எல்லாம், கூடவே இருந்து பார்ப்பதா, அதெல்லாம் சரிப்படாது என்றார்கள். கடைசியில் உறையூரில் ஒரு சின்ன லேபில் ஒத்துக்கொண்டார்கள். கணவனும் மனைவியுமாக நடத்துகிற இடம். விவரம் சொன்னதும் அந்த மனைவி, நானே மெஷினில் உட்காருகிறேன், அன்றைக்கு அவர் வீட்டில் இருக்கட்டும் என்றார். லீவு நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அச்சடித்தோம். அக்காக்காரி ஒவ்வொரு தாளும் வெளியே வரும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டார். கலர் சரியில்லாமல் ஒதுக்கியவற்றையும் வெட்டிய ஓரங்களையும் ஒரு பையில் போட்டு அவரே எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை அழித்ததை இரண்டு முறை காட்டச் சொன்னார். எங்களை நம்பவில்லையா என்று லேப்கார அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

தில்லைநகர்க்காரர் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. குரூப்பில் அவரை எழுத வைத்ததைப் பற்றி, இந்த அம்மாவிடம் வேலை கொடுத்தால் வம்பு என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார். சில மாதங்கள் எனக்கு வேலை குறைந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் நேருக்கு நேர் பார்த்தபோது பந்தி எந்தப் பக்கம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

ஆல்பம் தைத்து வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடியில் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். யார் முதலில் பிரிப்பது என்று ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. அம்மாதான் பிரிக்க வேண்டும் என்று அக்காக்காரி புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது. ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல், விரலால் தடவித் தடவித் திருப்பினார். சுற்றி இருந்தவர்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள், தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். எனக்கு எந்தப் பக்கத்துக்கு அடுத்து அது வரும் என்று தெரியும். அக்காக்காரிக்கும் தெரியும். தங்கை சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அம்மா பக்கத்தைத் திருப்பினார். சிரிக்கும் முகம் விரிந்தது. அவர் கை அங்கேயே நின்றது. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் அடங்கினார்கள். அவர் புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பூ ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்கு பாரு. இத்தனை பேர் இருந்தீங்க, ஒருத்தி ஊசி குத்திவிடக் கூடாதா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். ஊசி யாரிடம் இருந்தது என்று இரண்டு பேர் சண்டையை ஆரம்பித்தார்கள். அம்மா அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை தடவிவிட்டு அடுத்ததைத் திருப்பினார்.